நூலகத்தில் பார்த்த பனிச்சறுக்கு

மாணவிகளுக்குத் தடை தாண்டி ஓடிக் காட்டும்போதுதான் என் வலது முழங்கால் போனது. ஜூலை மாதம், வட்டாரப் போட்டிகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்துகொண்டிருந்தேன். ஒரு தடையைத் தாண்டி இறங்கியபோது கால் மண்ணில் பதிந்து நின்றுவிட்டது; உடம்பு மட்டும் வேறு பக்கம் திரும்பியது. உள்ளே ஏதோ வெடித்த சத்தம் எனக்குக் கேட்டது. வலி உடனே வரவில்லை. எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு ஒரு எட்டு வைத்தேன். முட்டி தாங்காமல் பக்கவாட்டில் நழுவியது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இருபது வருடமாக விசில் ஊதிய மைதானத்திலிருந்து நான்கு மாணவிகள் ஒரு நாற்காலியில் வைத்து என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர், முட்டிக்குள் இருக்கிற லிகமென்ட் முழுதாக அறுந்துவிட்டது என்றார். தொடையின் பின்பக்கத்திலிருந்து நாரை எடுத்து முட்டிக்குள் வைத்துக் கட்டினார்கள். என்னைப் பார்த்துக்கொள்ள அம்மா சாத்தான்குளத்திலிருந்து இரண்டு பைகளோடு வந்து சேர்ந்தாள். என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். ஷிப்ட் முடிந்து வரும்போது மீன்பிடித் துறைமுகப் பக்கம் வண்டியைத் திருப்பி, படகுகளுக்காக உடைத்துப் போட்டிருக்கும் ஐஸில் ஒரு பை நிறைய வாங்கி வருவார். அதை முட்டியில் வைத்துக் கட்டினால் வீடே கொஞ்ச நேரம் மீன் வாசம் அடிக்கும்.

வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் ஒரு காயல்பட்டினத்துப் பெண். என்னைவிடப் பத்து வயதாவது இளையவள். மெதுவாகப் பேசுவாள், ஆனால் கை இரும்பு. குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து முட்டியை நேராக அழுத்தச் சொல்வாள். அந்த ஒரு வேலையில் எனக்குக் கண்ணீர் வந்துவிடும்.

“அழுறதுன்னா அழுங்க டீச்சர். அழுத்துறத மட்டும் நிறுத்தாதீங்க” என்பாள்.

ஒருநாள் நான் நிறுத்திவிட்டேன். போதும், இனிமேல் முடியாது என்று சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் வற்புறுத்தவில்லை. தன் போனை எடுத்து ஒரு வீடியோவைப் போட்டு என் கையில் கொடுத்தாள். ஒரு வெள்ளைக்காரப் பெண் தரையில் மல்லாந்து கிடக்கிறாள். குதிகாலுக்கு அடியில் அதே மாதிரி சுருட்டிய துண்டு. முட்டியை அழுத்துகிறாள், முகம் சிவக்கிறது, தெரியாத பாஷையில் யாரையோ திட்டுகிறாள். மறுபடியும் அழுத்துகிறாள்.

“இது யாரு?”

“பனியில சறுக்குறவங்க டீச்சர். இந்த லிகமென்ட் அவங்களுக்குத்தான் அதிகமா அறுந்துபோகும். படிக்கும்போது எங்க சார் இவங்க வீடியோவத்தான் போட்டுக் காட்டுவாரு. இந்தப் பொண்ணுக்கு ரெண்டு முட்டியும் போயிருக்கு. இந்தத் தடவ ஒலிம்பிக்ஸ் போயே தீருவேன்னு நிக்குது.”

அவள் போன பிறகு அந்தப் பெண்ணைத் தேடி எடுத்தேன். முப்பதைத் தாண்டியவள். மலைகள் அதிகமில்லாத ஒரு சின்ன நாடு. இதுவரை எந்தப் பெரிய பந்தயத்திலும் மேடை ஏறியதில்லை. அவள் ஓடுவது டவுன்ஹில்லும் சூப்பர் ஜியும். இரண்டுமே மலையுச்சியிலிருந்து கார் வேகத்துக்கும் மேலே இறங்குகிற பந்தயங்கள். அந்த நாட்டுக்கு ஒலிம்பிக்ஸில் கிடைக்கக்கூடியது ஒரே ஒரு இடம். அதற்கு அவளைவிட இளையவள் ஒருத்தியும் போட்டியில் இருந்தாள். ஜனவரி நடுவில் யாருக்கு நல்ல புள்ளிகள் இருக்கிறதோ அவளுக்கு இடம்.

இதையெல்லாம் ஒரே நாளில் புரிந்துகொள்ளவில்லை. நான் விளையாட்டு ஆசிரியை. கபடியிலிருந்து குண்டு எறிதல் வரை விதிகள் எனக்கு மனப்பாடம். ஆனால் இந்த விளையாட்டில் முதலில் ஒன்றும் விளங்கவில்லை. கொடிக் கம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து வருகிறார்கள், ஒரு கம்பை விட்டுவிட்டால் கதை முடிந்தது. ஒவ்வொருத்தராகத்தான் விடுவார்கள். பக்கத்தில் துரத்துவதற்கு ஆள் கிடையாது, கடிகாரம்தான் எதிராளி. பின்னால் வருகிறவர்களுக்குத் தடம் கிழிந்து மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். என் ஆள் எப்போதும் பின்னால்தான் வருவாள்.

மழைக்காலம் தொடங்கியபோது அங்கே பனிக்காலப் பந்தயங்கள் தொடங்கின. அவற்றைப் பார்க்க எனக்கு வழி கிடைக்கவில்லை. நேரத்தைக் காட்டுகிற பக்கம் ஒன்றுதான் போனில் வந்தது. பெயர், எண், பாதி வழியில் எவ்வளவு, கடைசியில் எவ்வளவு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காலை நீட்டி வைத்துக்கொண்டு அந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் பெயருக்கு நேரே முதல் எண் விழும். அடுத்த எண் விழும்வரை மூச்சை விட மாட்டேன்.

அம்மா ஒருநாள் எட்டிப் பார்த்தாள். “ஏளா, வெறும் நம்பரத்தானே பாக்க? அதுக்கு ஏன் இப்படிப் பதறுத?”

“இப்போ மலையில பாதி வந்துட்டாம்மா. மீதி வரணும்.”

“வராம எங்க போவா?”

அடுத்த எண் விழவே இல்லை. பெயருக்கு நேரே, முடிக்கவில்லை என்று குறி வந்தது. விழுந்தாளா, கம்பை விட்டாளா, எதுவும் அந்தப் பக்கத்தில் தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்து அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் அந்தப் பெண்ணே போட்ட வீடியோவில் சிரித்துக்கொண்டு நின்றாள், கம்பைத்தான் விட்டிருக்கிறாள். அன்றைக்குக் குடும்ப ஜெபத்தில் அம்மா எல்லாருக்காகவும் ஜெபித்துவிட்டுக் கடைசியில், “பனியில ஓடுற அந்தப் பிள்ளையையும் காத்துக்கொள்ளும் ஆண்டவரே” என்று சேர்த்துக்கொண்டாள். கணவர் கண்ணை மூடிக்கொண்டே சிரித்தது எனக்குத் தெரிந்தது.

டிசம்பரில் தலைமையாசிரியை பார்க்க வந்தார். ஒரு பெட்டி மக்ரூன் இனிப்பும் ஒரு பை ஆப்பிளும் கொண்டுவந்தார். நல்ல மனுஷி. சுற்றி வளைக்காமல் பேசினார்.

“ஜனவரியில வந்து ஜாயின் பண்ணுங்க டீச்சர். இப்போதைக்கு லைப்ரரியப் பாத்துக்கோங்க. நிர்வாகத்துல என்ன நெனைக்கிறாங்கன்னா, அதையே ஒங்களுக்கு நிரந்தரமா போட்டுட்டு, கிரவுண்டுக்குப் புதுசா ஒரு சின்னப் பிள்ளையப் பாக்கலாம்னு. ஒங்களுக்கு ஒரு குறையும் வராது. பிப்ரவரி கடைசிக்குள்ள சொல்லுங்க, போதும்.”

அவர் போனதும் அம்மா சொன்னாள்: “நல்லதாப் போச்சு. நெழல்ல ஃபேனுக்கு அடியில வேல. இந்த வயசுல என்னத்துக்கு வெயில்ல ஓடிக்கிட்டுக் கெடக்கணும்?”

“நான் கிரவுண்டுக்குத்தான் போவேன்.”

“காலு போனாலுமா?”

“காலு போகல. அறுந்தது, தைச்சிருக்கு.”

கணவர் எந்தப் பக்கமும் பேசவில்லை. அது எனக்கு அதிகமாக எரிந்தது.

ஜனவரியில் நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். மாடியில் இருந்தது. படியேறுவதே ஒரு பயிற்சி என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னதால் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறப் பழகினேன். ஜன்னல் வழியாக மைதானம் முழுவதும் தெரியும். நான் இல்லாத மைதானத்தில் பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்து கதை பேசினார்கள். முதல் வாரம் அந்த ஜன்னலைச் சாத்தி வைத்தேன். இரண்டாவது வாரம் திறந்து, அங்கிருந்தே கை தட்டி ஓடச் சொன்னேன். நூலகத்தில் சத்தம் போடக் கூடாது என்று ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை எனக்கே நினைவுபடுத்தியது.

அந்த மாதம் நடந்த ஒரு டவுன்ஹில்லைக் காற்று காரணமாகத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். கணவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மலையில் பறக்கும் கொடிகளின் படத்தைப் பார்த்தார். “இந்தக் காத்துல எங்களயே மேல ஏறவிட மாட்டாங்க. நிறுத்துறதுதான் சரி” என்றார். அதற்குப் பிறகு அவரும் கேட்க ஆரம்பித்துவிட்டார். அடுத்தது எங்கே, என்ன மலை, காற்று எப்படி. அந்தத் தள்ளி வைத்த பந்தயத்தில்தான் அவள் தனக்குத் தேவையான புள்ளிகளை எடுத்தாள். இடம் அவளுக்குக் கிடைத்தது. பிசியோதெரபிஸ்ட்டுக்கு போன் போட்டுச் சொன்னபோது அவள், “எனக்கு முன்னாடியே தெரியும் டீச்சர். நீங்க ஒத்தக் கால்ல ஒழுங்கா உக்காந்து எந்திரிச்சீங்களா இன்னைக்கு?” என்று கேட்டாள். நான் செய்யவில்லை. போனை வைத்துவிட்டுச் செய்தேன்.

ஒலிம்பிக்ஸ் டவுன்ஹில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இத்தாலியில் நண்பகல், நமக்குச் சாயங்காலம். கோயில் முடிந்து, மதியம் சாப்பிட்டு, போனை டிவியோடு இணைத்துவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். முதல்முறையாக அவளை எண்ணாக இல்லாமல் ஆளாகப் பார்க்கப் போகிறேன். முன்னால் போனவர்களில் ஒருத்தி பலமாக விழுந்து பந்தயம் நெடுநேரம் நின்றது. மற்றவர்கள் மேலே குளிரில் காத்திருந்தார்கள். அம்மா காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே குடிக்க மறந்துவிட்டாள்.

கடைசியில் அவள் வந்தாள். கைக்கம்புகளை ஊன்றி உந்திப் புறப்பட்டாள். மேல் வளைவுகளைச் சுத்தமாகத்தான் எடுத்தாள். அதற்குக் கீழே ஒரு பெரிய மேடு. அதில் எல்லாரும் காற்றில் எழும்பி வெகுதூரம் போய் இறங்குவார்கள். மேட்டுக்கு முன்னால் அவள் காலில் மாட்டிய ஸ்கீ ஒன்று ஆடியது. குனிந்திருந்தவள் நிமிர்ந்தாள். கையை விரித்து, வேகத்தைக் குறைத்து, தடத்தை விட்டு ஓரமாக ஒதுங்கி நின்றுவிட்டாள். விழவில்லை. சும்மா நின்றாள். கேமரா அடுத்த ஆளிடம் போய்விட்டது.

அம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“பயந்துட்டா” என்றார் கணவர்.

எனக்கு வந்த கோபம் எனக்கே புதிது. “ரெண்டு முட்டியும் அறுந்து திரும்ப வந்தவ பயப்படுவாளா? ஒங்களுக்கு என்ன தெரியும்?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். ஆனால் எனக்கும் அதுதான் தோன்றியது. அதனால்தான் அவ்வளவு கோபம். இத்தனை மாதம் அழுத்தி, மடக்கி, இடம் பிடித்து, அங்கே போய் நிமிர்ந்து நிற்பதற்கா? அம்மா என் பின்னால் வந்து, “பாத்தியா, அவளே நின்னுட்டா” என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னாள். அது இன்னும் வலித்தது.

மறுநாள் பயிற்சியின்போது பிசியோதெரபிஸ்ட்டிடம் கொட்டினேன். அவள் என் முட்டியைப் பிடித்து ஆட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“டீச்சர், அன்னைக்கு கிரவுண்டுல தடை தாண்டுறதுக்கு முன்னாடி ஒங்க காலுக்கு ஏதாவது தெரிஞ்சிச்சா?”

யோசித்தேன். காலையிலிருந்தே கால் ஓய்ந்திருந்தது. முந்தின தடையிலேயே இறங்கியது சரியில்லை. அது தெரிந்தும் அடுத்ததைத் தாண்டினேன்.

“தெரிஞ்சிச்சு.”

“அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு. நின்னுட்டாங்க. வியாழக்கிழம இன்னொரு பந்தயம் இருக்குல்ல? அதுக்கு ரெண்டு கால் வேணும்ல? சரி, இப்போ அந்தப் படியில ஏறி, ஒத்தக் கால்ல மெதுவா இறங்குங்க. ஆடுச்சுன்னா நிறுத்திடுங்க.”

வியாழக்கிழமை சூப்பர் ஜி. பள்ளி விடுகிற நேரத்தில் தொடங்கியது. வீட்டுக்குப் போகும் வழியில் தவறிவிடும் என்று நூலகத்திலேயே இருந்தேன். மேஜைமேல் அகராதியைச் சாய்த்து அதில் போனை நிறுத்தி வைத்தேன். கீழே பஸ் ஏறும் பிள்ளைகளின் சத்தம் அடங்கிக்கொண்டிருந்தது. வாசலில் நிழல் தட்டியது. தலைமையாசிரியை.

“இன்னும் கெளம்பலையா டீச்சர்? என்ன பாக்கீங்க?”

எழுந்து சொன்னேன். அவர் போய்விடுவார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார்.

“இந்தப் பொண்ணுங்க எல்லாம் இந்த மலையில பழகியிருப்பாங்கதானே?”

“இந்தப் பந்தயத்துக்குப் பழக விடமாட்டாங்க மேடம். காலைல ஒரே ஒரு தடவ ஓரமா இறங்கி, கம்பு எங்கெங்க நட்டிருக்குன்னு பாத்துக்கலாம். அதோட சரி. அத மனசுல வச்சுக்கிட்டு மத்தியானம் ஓடணும்.”

“பரிச்ச மாதிரி” என்றார்.

முன்னணி வீராங்கனைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். பலர் வழியில் தடுமாறி வெளியேறினார்கள். தடம் அன்று அவ்வளவு மோசம். என் ஆள் வரும்போது வெயில் நகர்ந்து பாதி மலையில் நிழல் விழுந்திருந்தது. “இவங்கதான்” என்றேன். என் கை மேஜையின் விளிம்பைப் பிடித்திருந்தது.

அவள் வேகமாக வந்தாள் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு வளைவையும் கொஞ்சம் அகலமாக எடுத்தாள். நடுவே ஒரு இடத்தில் உள்பக்கம் சாய்ந்து, கை பனியில் உரசியது. “ஐயோ” என்று தலைமையாசிரியை என் தோளைப் பிடித்தார். அவள் எழுந்துவிட்டாள். எழுந்தது வலது காலில். என்னுடையதைப் போலவே வெட்டித் தைத்த கால். கடைசிச் சரிவில் குனிந்து, கைகளை முன்னால் நீட்டி, கோட்டைத் தாண்டினாள். நிறுத்திவிட்டு நேரம் காட்டும் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். இருபதைத் தாண்டிய ஏதோ ஓர் இடம். அவள் குதிக்கவில்லை, அழவுமில்லை. ஸ்கீகளைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு அடுத்து வருகிறவளுக்கு இடம்விட்டு நடந்து போனாள்.

“ஜெயிச்சிட்டாங்களா?” என்று கேட்டார் தலைமையாசிரியை.

“இல்ல மேடம்.”

“பெறவு ஏன் அழுதீங்க?”

அப்போதுதான் கன்னத்தைத் துடைத்தேன். பிப்ரவரி கடைசிவரை காத்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

“மேடம், எனக்கு லைப்ரரி வேண்டாம். ஜூன்ல நான் கிரவுண்டுக்குப் போறேன்.”

அவர் என் முட்டியைப் பார்த்தார். “நான் வேண்டாம்னு சொல்லல. தாண்டிக் காட்ட முடியாம எப்படிச் சொல்லிக்குடுப்பீங்க? நாளைக்கு மறுபடி விழுந்துட்டீங்கன்னா நிர்வாகம் என்னத்தான கேக்கும்?”

“மொத வருசம் தாண்ட மாட்டேன். பெரிய பிள்ளைங்க தாண்டிக் காட்டட்டும். அவங்க எங்க தப்பு பண்ணுதாங்கன்னு எனக்குப் பாக்கத் தெரியும். டாக்டர் சரின்னு எழுதிக் குடுத்தாத்தான் வருவேன். அவர் குடுக்கலைன்னா நீங்க சொல்லுறத நான் கேட்டுக்கிடுதேன்.”

“குடுப்பாரா?”

“வாங்குவேன் மேடம்.”

அவர் எழுந்து நாற்காலியை இருந்த இடத்தில் போட்டார். “மே மாசம் கொண்டு வாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா சோற்றைப் பரிமாறுவதை நிறுத்திவிட்டுக் கணவரைப் பார்த்தாள். “நீங்களாவது சொல்லுங்க மாப்ள.”

கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “அத்தை, நானும் அம்பது வயசுல அவ்வளவு ஒசரத்துல ஏறத்தான் செய்யுதேன். கீழ ஆபீசுல ஒரு வேல தாரோம்னு போன வருசம் சொன்னாங்க. நான் போகல. இவகிட்ட சொல்லவும் இல்ல.” பிறகு என்னைப் பார்த்து, “ஞாயித்துக்கெழம நான் சொன்னது தப்பு. அவ பயப்படல” என்றார்.

“பயந்திருப்பா. பயந்தும்தான் வியாழக்கிழம வந்தா” என்றேன். அம்மா எனக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

மார்ச்சிலிருந்து பயிற்சி கடுமையானது. காலையில் கடற்கரைச் சாலையில் நடந்தேன், பிறகு மெதுவாக ஓடினேன். உப்பு லாரிகள் போகும் நேரத்துக்கு முன்னால் முடித்துவிடுவேன். கண்ணில் புழுதி விழுந்தால் கால் வைக்கும் இடம் தெரியாது. ஒற்றைக் காலில் தாவி இறங்குகிற சோதனைதான் பெரிய தடை. இரண்டு காலும் ஏறக்குறைய ஒரே தூரம் தாவ வேண்டும். ஏப்ரல் கடைசியில் வலது கால் தோற்றது. பிசியோதெரபிஸ்ட் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, “இன்னும் ரெடியாகல டீச்சர்” என்றாள். பொய் சொல்லிச் சமாதானம் செய்யாத அந்தக் குணத்துக்காகத்தான் அவளை எனக்குப் பிடிக்கும். அன்று அப்படியே போய்ப் படுத்துவிட்டேன். மறுநாள் காலை எழுந்து மறுபடி தொடங்கினேன். மே மாதக் கடைசியில், வியர்த்துக் கொட்டிய ஒரு மத்தியானத்தில், வலது கால் இடதுக்குச் சமமாக வந்தது. அவள் இரண்டு முறை அளந்தாள். “இன்ஷா அல்லாஹ், டாக்டர் கையெழுத்துப் போட்டுருவார்” என்றாள். போட்டார்.

அதே வாரம் அந்தப் பெண் இன்னும் ஒரு பனிக்காலம் ஓடப்போவதாக அறிவித்திருந்தாள். அம்மாவிடம் சொன்னேன். “ஓடட்டும், ஓடட்டும்” என்றாள். அடுத்த நாள் சாத்தான்குளத்துக்குப் பஸ் ஏறினாள். ஏறுவதற்கு முன், நவம்பரில் பந்தயம் தொடங்கும்போது போன் போட்டுச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்கினேன். கோடை முழுவதும் யாரும் காலடி வைக்காததால் ஓடுபாதை நெடுகச் சீமைக்கருவேல முள் சிதறிக் கிடந்தது. பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓட வரிசையில் நின்றார்கள். எல்லாரையும் செருப்பைப் போட்டுக்கொள்ளச் சொல்லி, ஆளுக்கு ஒரு தட்டைக் கொடுத்து, பாதையைப் பங்கு பிரித்துவிட்டேன். நானும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, முட்டியை மடக்கிக் குந்தி உட்கார்ந்து பொறுக்கினேன். முள்ளை அள்ளி முடிக்க அந்த வாரம் முழுவதும் ஆயிற்று. திங்கட்கிழமை ஓட ஆரம்பித்தோம்.